தாசில்தார் கையெழுத்துப் போடாத மீன்

எங்கள் வீட்டில் ஒரு தாசில்தார் இருந்தார். சாம்பல் நிறம், வெள்ளை வயிறு, இடது காதில் பாதி கிடையாது. கூப்பிட்டால் வரமாட்டார். கூப்பிடாவிட்டால், நாம் எந்த இடத்தில் கை வைத்து வேலை செய்கிறோமோ சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

பெயர் வைத்தது மாமா, அம்மாவின் தம்பி. ஏதோ ஒரு சான்றிதழுக்காக அவர் கொஞ்ச காலம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்திருக்கிறார். நீட்டுகிற காகிதத்தைக் கையால் வாங்காமல், எட்ட இருந்தே மூக்கால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வித்தை ஒன்று அங்கே உண்டாம். அந்தக் கடுப்போடு ஒருநாள் துறைமுகத்திலிருந்து வரும்போது, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியைக் கூடைக்குள் போட்டு எடுத்து வந்தார். பாவம், பசியில் இருக்கிறதே என்று ஒரு கானாங்கத்தை மீனின் தலையைக் கிள்ளி நீட்டினால், குட்டி எட்ட இருந்தே மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமா அசந்துபோய், "நீங்க இங்கயும் வந்துட்டீங்களா சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். அன்றிலிருந்து அவர் தாசில்தார்.

கடலூர் முதுநகருக்குக் கிழக்கே கடலை ஒட்டி எங்கள் குப்பம். அங்கே மற்ற வீட்டுப் பூனைகள் எல்லாம் கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கிடந்த இடத்தில் தூங்கும் நல்ல ஜென்மங்கள். எங்கள் ஆளுக்கு மட்டும் சங்கரா மீன்தான் வேண்டும். அதிலும் நடுத்துண்டு. நேற்றைய மீன் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய தட்டு ஆகாது. சாப்பிடும்போது யாராவது பார்த்தால் ஆகாது. வீட்டுக்குப் புதுத் துடைப்பம் ஒன்று வந்துவிட்டால் போதும், அது எந்த ஊர்க்காரன், எதற்கு இங்கே வந்து நிற்கிறான் என்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து விசாரணை நடத்துவார். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றின் மேலும் சந்தேகம், மாமாவைத் தவிர. மாமா மட்டும் நடுத்துண்டை முள் எடுத்துக் கொடுப்பார். உன் பொண்டாட்டி வந்து இப்படிக் கேட்டால் கொடுப்பாயா என்று அம்மா திட்டுவாள். தாசில்தார் கையெழுத்துப் போடாமல் பெண்ணே பார்க்க முடியாது என்பார் மாமா.

பிறகு அலை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அம்மாவும் அப்பாவும் திருவந்திபுரத்துக்குச் சாமி கும்பிடப் போயிருந்தோம். வலை காயவைக்கிற வேலை இருக்கிறது என்று மாமா மட்டும் வரவில்லை. திரும்பி வந்தபோது வீடு இல்லை. வீடு இருந்த தெருவும் இல்லை. தாசில்தார் இருந்தார். இடியாமல் நின்ற பள்ளிக்கூடத்து மொட்டைமாடிச் சுவரில், ஒரு மயிர்கூட நனையாமல், முன்னங்காலை நக்கி முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் அம்மா "வரல" என்று மட்டும் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. எனக்கு அப்போது எட்டு வயது. வரல என்றால் இன்னும் வரவில்லை என்றுதான் எனக்குப் பொருள்.

எங்களைத் தங்கவைத்த முகாமில் எல்லோரும் பூனையைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் எப்படி மாடிக்குப் போயிருக்கும் என்று ஒரே பேச்சு. பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு அம்மா அதன் முகத்துக்கு நேராகவே, "தெரிஞ்சுதுல்ல? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா கொறஞ்சா பூடுவ?" என்று கேட்டாள். தாசில்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் நாங்கள் சிதம்பரத்துக்குப் போனோம். அப்பாவின் அக்கா அங்கே அண்ணாமலை நகரில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அத்தைதான் எங்களுக்கு ஒரு அறை பார்த்துக் கொடுத்தாள். அப்பா இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். அம்மாவுக்குத் தெரிந்தது மீன் வியாபாரம் ஒன்றுதான். விடிவதற்கு முன்பே மற்ற மீன்கார அம்மாக்களோடு லோடு வண்டியில் கடலூர்த் துறைமுகத்துக்குப் போய், மீன் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட நேரத்துக்குத் திரும்பிவிடுவாள்.

தாசில்தாரைக் கோணிப்பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டு போனோம். பை உறுமுவதைக் கேட்டுவிட்டு கண்டக்டர் உள்ளே என்ன என்றார். நான் பழக்க தோஷத்தில் "தாசில்தார்" என்று சொல்லிவிட்டேன். கண்டக்டர் பையை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியானால் முழு டிக்கெட் போடவேண்டும் என்றார். அந்த நாட்களில் அம்மா சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

சிதம்பரத்தில் அப்போது மீன் விற்பது என்பது மலையைப் புரட்டுகிற வேலை. கடலில் போன மனிதர்களை மீன்கள் தின்றிருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. வாங்குகிறவர்கள் எப்போதும் செவுளைத் தூக்கி சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றை அமுக்குவார்கள், அது வியாபாரத்தில் உள்ளதுதான். இப்போது அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. கடல் மீனா, ஏரி மீனா?

ஊழியர் குடியிருப்புத் தெரு முனையில் ஒரு புங்க மரத்தடியில் அம்மா கூடையை வைத்து உட்காருவாள். எதிர்ப்பக்கம் இன்னொரு அக்கா கடை போட்டிருந்தாள். அவளுக்கு வீராணத்து அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. எந்த மீனைக் கேட்டாலும் வீராணம் ஏரி மீன் என்று அடித்துச் சொல்லுவாள். அவள் கூடையில் ஒருநாள் சின்னச் சுறா கிடந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு இதுவுமா ஏரியில் கிடைத்தது என்று கேட்க, அவள் கொஞ்சமும் அசராமல், "ஏரி பெருசு அய்யா" என்றாள். பெரியவர் யோசித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

அம்மா மட்டும் கடல் மீன் என்றுதான் சொல்லுவாள். கடலில் பிடித்ததை ஏரியில் பிடித்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சாப்பிடலாமாம்மா? நீங்கல்லாம் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "எம் பொண்ணு தெனம் சாப்புடுதுங்க, பாருங்க" என்று என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்துவாள். நான்தான் அத்தாட்சி. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, வாயை மூடி, நோய்நொடி இல்லாத முகமாக நிற்பேன். ஒரு அம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்திருக்கிறாள், செவுள் பார்க்கிற மாதிரி.

எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சரி, பிழைத்துக்கொள்வோம் என்று நினைத்த நேரத்தில் தாசில்தார் கடைக்கு விஜயம் செய்ய ஆரம்பித்தார்.

குப்பத்தில் இருந்தவரை அம்மா மீன் விற்கிற இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. இங்கே என்ன தோன்றியதோ, தினமும் காலையில் கூட்டம் கூடுகிற நேரமாகப் பார்த்து, வாலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு தெருவின் நடுவில் நடந்து வருவார். சைக்கிள்காரன் மணியடித்தால் அவன் வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும் என்கிற நடை. வந்து கூடைக்கு முன்னால் உட்காருவார். மீன் வாங்க நின்றவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லி, ஒரு துண்டு போடுங்களேன் என்பார்கள். அம்மா ஒரு நெத்திலியை எடுத்துப் போடுவாள். தாசில்தார் எட்ட இருந்தே மோந்து பார்ப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். வந்த வழியே போய்விடுவார்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஒருத்தர் சிரிக்கவில்லை. அப்புறம், கையில் எடுத்த மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

வீராணத்து அக்காவுக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆயிற்று. பூனையின் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், என்னால்தான். அவள் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அங்கே போய் நிற்பேன், அப்படிப் பேசுவாள். எங்கள் பக்கம் யாராவது நின்றால் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "தாசில்தாரே கையெழுத்துப் போடலயாம், நீங்க எப்பிடிம்மா வாங்குறீங்க?"

தெருவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, கையெழுத்து ஆயிற்றா என்பதைத்தான். என்னை முன்னால் நிறுத்தி எம் பொண்ணு சாப்புடுது என்று அம்மா சொன்னால், ஒரு பார்வை என் மேல் விழும், ஒரு பார்வை பூனை போன திசையில் போகும். இரண்டு சாட்சிகளில் ஊர் பூனையைத்தான் நம்பியது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

கூடையில் மீன் மிஞ்ச ஆரம்பித்தது. மிஞ்சியதை எல்லாம் அம்மா எங்களுக்குக் குழம்பு வைத்தாள், வறுத்தாள், உப்புப் போட்டுக் கூரையில் காயவைத்தாள். பரிமாறிவிட்டு, தான் துறைமுகத்திலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி எழுந்துபோவாள். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, மீன் விற்கிற வீட்டுப் பூனை மீன் தின்னாவிட்டால் எவன் நம் மீனை வாங்குவான் என்று கேட்டார். இப்படியே போனால் குப்பத்துக்கே திரும்பவேண்டியதுதான் என்றார். அப்போது அம்மாவின் கை குழம்புச் சட்டியில் அப்படியே நின்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, நாம் போகவேண்டாம், பூனையை மட்டும் கோணியில் போட்டுத் துறைமுகத்தில் விட்டுவிடலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்று முடித்தார். வேண்டாம் என்று அம்மா சட்டென்று சொன்னாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "அது இருக்கட்டும்" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் தாசில்தார் மீன் தின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கோணி. என் கணக்கு எளிமையானது. ஒரு பூனை மீன் தின்னவில்லை, ஆனால் இளைக்கவும் இல்லை. வயிறு தொப்பென்று இருக்கிறது. அப்படியானால் யாரோ வேறு எதையோ போடுகிறார்கள். அந்த யாரோ எங்கள் வியாபாரத்தைக் கெடுப்பதற்கென்றே போடுகிறார்கள். அந்தக் கையைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் அவர் வாயை மோந்து பார்க்கவேண்டும். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. அவர் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் படுத்து, நானும் தூங்குகிற மாதிரி நடித்து, மெல்ல மெல்ல மூக்கைக் கொண்டு போனேன். கன்னத்தில் மூன்று கோடு வாங்கினேன். ஆனால் வாசனை பிடிபட்டுவிட்டது. மோர். அதோடு பெருங்காயம்.

பெருங்காயம் என்றதும் சந்தேகம் நேராக மூலை வீட்டு மாமியின் மேல் போனது. குடியிருப்பில் சுத்த சைவ வீடு அது. கடைப் பக்கம் வரும்போது மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, அந்தப் பக்கமாகப் போவார். எங்கள் பூனையை மயக்கித் தயிர்சாதம் போட்டு சைவமாக்கிவிட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அவரே எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்றார். எங்கள் பூனைக்கு நீங்கள் சாதம் போடுகிறீர்களா என்று கேட்டேன். மாமிக்கு அப்படி ஒரு கோபம்.

"சாதம் போடறேனா? போன வாரம் எங்காத்துப் பாலை யார் குடிச்சான்னு உன்னைக் கேக்கலாம்னு நானே இருக்கேன்."

நான் அவரைச் சந்தேகப்படப் போக, அவர் எங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். பால் குடித்தது தாசில்தாராக இருக்காது, அவர் ஆறிய பாலைத் தொடமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அது காய்ச்சிய சூட்டோடு இருந்த பால் என்றார் மாமி. ஓடி வந்துவிட்டேன்.

அடுத்தது வீராணத்து அக்கா. வியாபாரப் போட்டி இருக்கிறது, ஆதாயமும் இருக்கிறது. அவள் கடைக்குப் பின்னால் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் ஒளிந்துகொண்டு பார்த்தேன். தாசில்தார் அந்தப் பக்கம் வந்தார். வந்ததும் அவள் குரலைத் தேனாக்கிக்கொண்டு, கூடையிலிருந்து நல்ல கெண்டையாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, இலையில் வைத்து நீட்டினாள். வாங்க நின்றவர்களிடம், இப்போது பாருங்கள், வீராணத்து மீனுக்கு எப்படிப் பாய்கிறது என்றும் சொன்னாள். தாசில்தார் எட்ட இருந்தே மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நின்றவர்களில் ஒருத்தர் இருமினார். வீராணத்து அக்கா கொஞ்ச நேரம் அவர் போகிற வாலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லஞ்சம் ஜாஸ்தியா எதிர்பாக்குறாரு" என்றாள்.

அவளும் இல்லை. லாட்ஜ் பையன்களைக் கேட்டேன். அவர்கள் தங்களுக்கே சாப்பாடு போதவில்லை என்றார்கள். அத்தையின் மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது, மெஸ்ஸிலிருந்து தினமும் ஒரு சின்னத் தூக்கில் ஏதோ கொண்டு வருகிறாள், எங்கள் கண்ணில் காட்டுவதில்லை என்று. அந்த வயதில் ஒரு தடவை சந்தேகப்படப் பழகிவிட்டால் எல்லோர் முகமும் திருட்டு முகமாகத்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். வீட்டுக்கு வந்தபோது தாசில்தார் கூரையிலிருந்து இறங்கி, எங்கோ ஆபீசுக்கு நேரமாகிவிட்டதுபோல் நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே போனேன். லாட்ஜின் பின்பக்கம் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி உண்டு, தண்ணீர் இல்லாதது. அதன் நிழலில் அவர் திரும்பினார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள்.

மடியில் அத்தையின் தூக்கு. உள்ளே கடுகும் பெருங்காயமும் தாளித்த மெஸ் தயிர்சாதம். மூடியைக் கவிழ்த்து அதில் ஒரு பிடி வைத்துத் தாசில்தாருக்குத் தள்ளினாள். மோந்து பார்க்கிற வேலையே இல்லை. மனிதர் குனிந்து கடகடவென்று தின்றார், அதுவும் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அம்மாவும் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற குரலில் அவரிடம் சொன்னாள்:

"உனக்கும் எறங்கல. எனக்கும் எறங்கல. என்னா பண்றது, சொல்லு."

ஊரெல்லாம் தேடிய கை எங்கள் வீட்டுக் கையாகவே இருக்கிறது. மீன் விற்கிறவளே பூனைக்குத் தயிர்சாதம் போட்டுத் தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாள். அதோடு, துறைமுகத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று தினமும் சொன்னதும் பொய். முன்னால் போய் நின்று, ஏன் இப்படிச் செய்கிறாய், ஏன் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை என்று கேட்டேன். அம்மா திடுக்கிடவில்லை. உட்காரச் சொல்லி, ஒரு உருண்டை உருட்டி என் கையில் வைத்தாள்.

"எறங்கல பாப்பா" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத."

இறங்கவில்லை என்றால் தொண்டையில் கோளாறு. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் அம்மா துறைமுகத்திலிருந்து திரும்பியதும் வெந்நீரில் உப்புக் கரைத்து டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்றாள். தொண்டைக்கு என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வாசலுக்குப் போய், நான் சொல்லச் சொல்ல, அண்ணாந்து நாலு தடவை கொப்பளித்துத் துப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீன் விற்கிற நாள் என்றால் அதுதான். அப்பா லாட்ஜ் வேலையை முடித்துக்கொண்டு, கையில் மடித்த கோணியோடு புங்க மரத்தடியில் வந்து நின்றார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சங்கராவை வரிசையாக அடுக்கினாள்.

கூட்டம் சேர்ந்ததும் தாசில்தார் வந்தார். நல்ல மனுஷன் இல்லையா, இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் தின்றுவிடேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மாமா கொடுக்கிற மாதிரியே நடுத்துண்டை முள் எடுத்து நானே அவர் முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கோணியைப் பிரித்தார்.

குடையோடு ஒரு டீச்சரம்மா நின்றிருந்தார். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் வாங்கினால் நம்பிக்கை, அவர் போய்விட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். அவர் பூனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல முன்னால் வந்து, வாயை மூடி, ஆரோக்கியமாக நின்றேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவிடம் கேட்டார்.

"குழந்தை இருக்கட்டும்மா. நீ சாப்பிடுறியா? அதைச் சொல்லு."

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அப்படி வெட்டி எடுத்துக் கேட்டதில்லை. சாப்பிடுறீங்களா என்று எல்லோருக்கும் சேர்த்துக் கேட்பார்கள், எம் பொண்ணு சாப்புடுது என்று அம்மா சொல்லுவாள், அதில் பொய் எதுவும் கிடையாது. எதிர்ப்பக்கம் வீராணத்து அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே என்று நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஏரி பெருசு என்று சொல்கிறவர்கள் எல்லாம் பிழைக்கவில்லையா?

"இல்ல டீச்சர்" என்றாள் அம்மா. "எனக்கு எறங்கல. எந் தம்பி இன்னும் அங்கதான் இருக்கான். மீனு நல்ல மீனுதான். எம் பொண்ணு சாப்புடுது."

முடிந்தது என்று நினைத்தேன். மீன்காரியே தான் தின்னமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இதற்குமேல் எவர் வாங்குவார்? எல்லோரும் போய்விடப் போகிறார்கள், கோணிக்குள் பூனை போகப்போகிறது, நாங்கள் மூட்டை கட்டப் போகிறோம்.

யாரும் போகவில்லை. டீச்சரம்மா குடையை மடக்கினார். செவுளைத் தூக்கிப் பார்க்காமல், வயிற்றை அமுக்காமல், எனக்கு ரெண்டு கிலோ சங்கரா வெட்டும்மா என்றார். குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தது. இவருக்கும் தொண்டை சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கேட்டார்கள். அப்பா பிரித்த கோணியை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை நாலாக மடித்து, அம்மா உட்காருகிற இடத்தில் போட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து வீராணத்து அக்கா தெருவைக் கடந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் மீனுக்குச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு இது பெரிய வியாபாரத் தந்திரமாகத் தெரிந்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த மாங்காய்க் கீற்றை ஒருத்திக்கு விற்கப்போய், மாங்காய் நல்ல மாங்காய்தான், ஆனால் நான் சாப்பிடமாட்டேன் என்று சொன்னேன். அவள் வாங்கவில்லை. அதுமட்டுமில்லாமல் அதில் நான் என்னவோ செய்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தாசில்தார் தப்பித்தார். தொடர்ந்து கடைக்கு வந்தார், மோந்து பார்த்தார், முகத்தைத் திருப்பினார். அதன் பிறகு யாரும் அதைப் பார்த்து மீனைத் திரும்ப வைக்கவில்லை. இன்றைக்கு என்ன ஆட்சேபனையாம் என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். மூலை வீட்டு மாமிகூட ஒருநாள் மூக்கை மூடிக்கொண்டே வந்து, ஒரு கிண்ணம் தயிரை அம்மாவிடம் நீட்டிவிட்டுப் போனார். அது யாருக்கு, எதற்கு என்று எனக்குப் பல நாள் சந்தேகம்.

அடுத்த மார்கழியில் அம்மாவும் அப்பாவும் நானும் எங்கள் குப்பத்துக்குப் போனோம். கரையில் நிறையப் பேர் நின்று கடலில் பால் ஊற்றினார்கள். அம்மாவும் ஊற்றினாள். அலை வந்து காலைத் தொட்டபோது அவள் பின்னால் நகரவில்லை. மாமா வருவாரா என்று நான் கேட்டேன். "வரல" என்று அவள் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டு, "அவன் இங்கயே இருக்கட்டும் பாப்பா" என்றாள்.

அதற்கு அப்புறம் வந்த ஒரு மத்தியானம். சங்கரா குழம்பு. பரிமாறிவிட்டு எழுந்துபோகிறவள், அன்றைக்குத் தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். ஜன்னல் கட்டையில் தாசில்தார் சுருண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து அம்மாவின் முட்டியில் உரசிக்கொண்டு நின்றார். அம்மா ஒரு துண்டை முள் எடுத்துத் தரையில் வைத்தாள். எட்ட இருந்து மோந்து பார்த்தார். பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். அப்புறம் தின்றார்.

நான் சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடினேன். தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரு, போட்டுட்டாரு என்று முனை வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். வீராணத்து அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, ஏரி மீனா, கடல் மீனா என்று கேட்டாள். கடல் மீன் என்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அவர் அம்மாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் பாதி சங்கரா இருந்தது, மற்றப் பாதி தாசில்தாரின் முன்னால். அம்மா குனிந்து மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். நடக்காத அதிசயம் தரையில் நடந்துகொண்டிருக்கும்போது இந்த மனிதர் அம்மா சாப்பிடுவதை என்ன அப்படி வேடிக்கை பார்க்கிறார் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அங்க என்னாப்பா பாக்குற? பூனையப் பாரு" என்று அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன்.